தீர்ப்பின் கடைசிப் பத்தி

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கம் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் கோர்ட்டில்தான் போய் நிற்கும். பட்டா இல்லாத தேயிலை, செக்‌ஷன் 17 நிலம் (ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத நிலம்), வனத்துறை நோட்டீஸ், பாகப்பிரிவினை, வண்டிப்பாதைத் தகராறு என்று ஏதாவது ஒன்று பெரும்பாலான குடும்பங்களைத் தொட்டிருக்கிறது. மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் இந்தக் கதைகள் எல்லாம் என் மேசைக்கு வந்து சேரும். மனு எழுத வருகிறவர்கள் பாலிதீன் பையிலிருந்து மடிப்பு கிழிந்த ஒரு தீர்ப்பு நகலை எடுத்து வைப்பார்கள். “கேஸ் நமக்கு ஆகிவிட்டது, அதை வைத்துப் பட்டாவுக்கு எழுதுங்கள்” என்பார்கள். பிரித்துப் படித்தால் பல சமயம் அதில் வெற்றியும் இருக்காது, தோல்வியும் இருக்காது.

பத்துப் பதினைந்து வருடம் வழக்கு நடத்தி, ஆடு மாடு விற்று, விடியற்காலை பஸ் பிடித்து நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு அலைந்தவர்களுக்குத் தங்கள் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. போனில் யாரோ சொன்ன ஒரு வரி மட்டும் தெரியும்: “ஆர்டர் நமக்குச் சாதகம்.” இது என்னை மிகவும் வருத்துகிறது. படிக்காதவர்கள் மட்டுமல்ல, பட்டம் பெற்றவர்களும் இப்படித்தான் வருகிறார்கள். ஜெயித்தோமா, தோற்றோமா என்று கேட்பதை விட்டுவிட்டு, நீதிமன்றம் யாரை, என்ன செய்யச் சொல்லியிருக்கிறது, எத்தனை நாளைக்குள், எதுவரைக்கும் என்று கேட்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்தக் கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும்.

தேவாலா பக்கமிருந்து வந்த ஓர் அக்காவின் நகலைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கொஞ்சம் தேயிலை, ஒரு வீடு. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசின் நடவடிக்கையை எதிர்த்து நேராகப் போடும் மனு, போட்டிருக்கிறார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் தீர்ப்பு வரும். உயர் நீதிமன்ற உத்தரவு ஆங்கிலத்தில்தான் வரும். அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் இரண்டு தரப்பும் சொன்ன வாதம். கடைசியில் இவ்வளவுதான்: மனுதாரரின் கோரிக்கையை இரண்டாம் எதிர்மனுதாரர் (எதிர்த்தரப்பில் இரண்டாவதாகக் குறிப்பிட்ட அதிகாரி) தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் பரிசீலித்து, இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்; அதன்படி மனு முடித்துவைக்கப்படுகிறது; செலவுத்தொகை இல்லை.

“அப்படியென்றால் நிலம் எங்களுக்குத்தானே, தம்பி?” என்று கேட்டார்.

இல்லை. மனுவை அனுமதித்தால் கேட்டது கிடைத்தது என்று பொருள். தள்ளுபடி செய்தால் கிடைக்கவில்லை. முடித்துவைத்தால் அந்த நீதிமன்றம் தன் கையிலிருந்து கோப்பை இறக்கிவைத்துவிட்டது என்பது மட்டுமே நிச்சயம்; என்ன கிடைத்தது என்பதை அதோடு சேர்த்து எழுதிய நிபந்தனையில்தான் பார்க்க வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தது பரிசீலனை. பரிசீலித்துவிட்டு அதிகாரி ‘முடியாது’ என்று எழுதினாலும் அவர் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றியவராகவே ஆவார். காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

“நகலை ஆபீசில் கொடுத்தீர்களா, அக்கா?”

“கோர்ட்டே அனுப்பாதா?”

நகல் அதிகாரியின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் அந்த 12 வாரம் ஓடும். நகல் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது; வாரக் கணக்கு தொடங்கவே இல்லை. பரிசீலிக்கும்வரை வெளியேற்றக் கூடாது என்ற வரியும் அந்த உத்தரவில் இல்லை. ஆகவே நோட்டீஸ் உயிரோடுதான் இருந்தது. அன்றே முதல் பக்கத்தில் இரண்டாம் எதிர்மனுதாரர் யார் என்று பார்த்து, அந்த அலுவலகத்துக்கு உத்தரவு நகலோடு ஒரு மனு எழுதி, ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பவும் செய்தோம், நேரில் கொடுத்து முத்திரை வாங்கவும் செய்தோம்.

பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. காலம் கடந்துபோன உரிமையை, ஒரு கோரிக்கை மனு கொடுத்து அதைப் பரிசீலிக்கும்படி உத்தரவு வாங்கி, அதிகாரி அளிக்கும் பதிலை வைத்து மறுபடி உயிர்ப்பிக்க முடியாது என்றது. முதல் உத்தரவு வந்தபோதே அப்பீல் போகாமல் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தீர்ப்பு என்றாலே பயந்து ஒதுங்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். இந்தியாவின் அரசியல் சாசனச் சட்டத்தைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் கூடலூர் நிலத்தைப் பற்றிய வழக்கைப் படித்துத்தான் ஆகவேண்டும். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம் (பரம்பரை உடைமை) நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் காடுகளை எடுக்கும் பகுதி நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நாடாளுமன்றம் 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணையில் ஏறிய சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டித் தாக்க முடியாது என்பது ஏற்பாடு. அதை எதிர்த்து எழுந்ததுதான் கொயலோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த சட்டங்கள் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என்று நீதிமன்றம் சோதிக்கலாம்.

நாடு முழுவதும் செய்தியானது. சரி, கூடலூர் நிலம் யாருக்கு? அந்தத் தீர்ப்பில் அதற்குப் பதில் கிடையாது. கடைசிப் பத்தியைப் பார்த்தால் தெரியும். தங்கள் முன் வைக்கப்பட்ட சட்டக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, இந்தக் கொள்கையின்படி மனுக்களை மூன்று நீதிபதிகள் அமர்வு விசாரித்து முடிவுசெய்யட்டும் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். சட்டக் கேள்விக்கு விடை காண்பது வேறு, கட்சிக்காரருக்குப் பரிகாரம் கொடுப்பது வேறு. பிறகு 2010இல் கிளென்ராக் எஸ்டேட் வழக்கில் மூன்று நீதிபதிகள், ஜன்மம் சட்டம் அந்தச் சோதனையிலும் செல்லும் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். 2007இன் தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் ‘நில உடைமையாளர்கள் ஜெயித்துவிட்டார்கள்’ என்று நினைத்திருக்கக்கூடும்.

அந்தத் தீர்ப்பெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். அன்றாடம் எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது ‘ஸ்டே’ என்ற இடத்தில்தான். எதைக் கேட்டாலும் “ஸ்டே வாங்கியாகிவிட்டது” என்பார்கள். வாங்கியது மூன்றில் எது? மேல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ கீழே பிறந்த உத்தரவை நிறுத்திவைத்தால் அது தடையாணை. அந்த உத்தரவு ரத்தாகவில்லை, அதைச் செயல்படுத்துவது மட்டும் நிற்கிறது. எதிராளியைப் பார்த்து ‘நீ அந்த நிலத்தில் நுழையாதே’ என்று சொன்னால் அது இடைக்கால உறுத்துக் கட்டளை. ‘ஸ்டேட்டஸ் கோ’, அதாவது தற்போதைய நிலை தொடரட்டும் என்றால் அது இரு தரப்பையும் கட்டும். ஸ்டேட்டஸ் கோ வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஷெட் போட்டவர்கள் உண்டு. தங்களுக்காக வாங்கிய உத்தரவைத் தாங்களே மீறி, அவமதிப்பு மனுவுக்கு எதிராளிக்கு வழி திறந்துவிட்டார்கள். தற்போதைய நிலை என்பது எந்தத் தேதியின் நிலை என்றும் பார்க்க வேண்டும். அன்று யார் அனுபவத்தில் இருந்தாரோ அவருக்குத்தான் அந்த உத்தரவு உதவும்.

இதோடு ‘எதுவரை’ என்ற கேள்வியையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த வாய்தா வரை என்று எழுதியிருந்தால் அந்தத் தேதியில் நீட்டிப்பு கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை என்றிருந்தால் வேறு. மறு உத்தரவு வரும்வரை என்றிருந்தால் அதுவும் வேறு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த கதையை மலைவாசிகள் எல்லோரும் அறிவார்கள். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 அன்று தொடங்கியபோது ஜூன் 30 வரை என்றுதான் இருந்தது, பிறகு நீட்டித்தார்கள். சீசன் முடிந்ததும் போய்விடும் என்று கணக்குப் போட்ட காட்டேஜ்காரர்கள் ஏமாந்தார்கள்.

எந்தத் தடையும் ஆறு மாதத்தில் தானாக விழுந்துவிடும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், கீழ்க் கோர்ட் விசாரணையை நிறுத்திவைக்கும் தடைகளைப் பற்றி அப்படிச் சொன்னது உண்மைதான். 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் தந்த தடை, காலம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் இப்போது தானாக விலகாது.

இடைக்கால உத்தரவு என்றால் சின்ன உத்தரவு என்ற எண்ணமும் கூடாது. இதற்கும் எங்கள் கூடலூரிலேயே உதாரணம் இருக்கிறது. காட்டு மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த இடைக்கால உத்தரவு, காடு என்றால் அகராதி தரும் பொருளிலேயே கொள்ள வேண்டும், நிலம் யாருடைய உடைமை என்பது பொருட்டல்ல என்று நாடு முழுவதற்கும் சொன்னது. தமிழ்நாட்டுக்கென்று தனிப்பகுதியே அதில் உண்டு. தேயிலை, காபி, ஏலத் தோட்டங்கள் காட்டுக்குள் மேலும் விரியக் கூடாது என்றது. ஜன்மம் நிலங்களில் மரம் வெட்டத் தடை, அப்போது நிலுவையிலிருந்த மேல்முறையீடுகளில் வரும் உத்தரவுக்கு உட்பட்டது என்றது. இந்த ‘உட்பட்டு’ என்ற சொல் எங்கே வந்தாலும் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். இன்னொரு கோப்பில் வேறு முடிவு வந்தால் இந்த உத்தரவும் அதற்கேற்ப அசையும் என்று அது சொல்கிறது. அந்த வழக்கு ஒரே தீர்ப்போடு முடியவும் இல்லை. நீதிமன்றம் கட்டளையிட்டுவிட்டு, அது நிறைவேறுகிறதா என்று தானே கண்காணிக்கும் தொடர் கட்டளை முறையில், ஆயிரக்கணக்கான இடைநிலை மனுக்களோடு பல ஆண்டுகள் நடந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளில்கூட ‘திருமுல்பாடு கேஸ்’ என்ற பேச்சைக் கேட்கலாம்.

மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கம் போனால் யானை வழித்தட வழக்கு. சீகூர் வழித்தடத்தை அறிவித்த 2010ஆம் ஆண்டு அரசாணையை 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உறுதி செய்வது என்றால் கீழே சொன்னது நிற்கிறது என்று பொருள். ரிசார்ட் உரிமையாளர்களின் மேல்முறையீடு பலிக்கவில்லை. ஆனாலும் கடைசிப் பக்கங்களில், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து, தனித்தனி நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க வழி வைத்திருந்தது. தோற்றுவிட்டோம் என்று தீர்ப்பைப் படிக்காமல் தூக்கி வைத்தவருக்கு அந்த வாசல் இருப்பதே தெரிந்திருக்காது.

சிவில் வழக்குகளில் ‘தீர்ப்பு’ ஒரு தாள், ‘தீர்ப்பாணை’ இன்னொரு தாள். தீர்ப்பில் காரணங்கள் இருக்கும். தீர்ப்பாணையில் முடிவு மட்டும் சுருக்கமாக இருக்கும். நிறைவேற்று மனு போடுவது அதை வைத்துத்தான். எதிராளி தானாகக் கொடுக்காத நிலத்தையோ பணத்தையோ வாங்க 12 ஆண்டுகளுக்குள் அந்த மனுவைப் போட வேண்டும். தீர்ப்பு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டவர்களின் பிள்ளைகள், காலக்கெடு தாண்டியபின் வந்து நிற்பதைப் பார்க்க மனம் ஆறுவதில்லை.

நிரந்தர உறுத்துக் கட்டளை கிடைத்துவிட்டால் நிலம் சொந்தமாகிவிட்டது என்று நினைப்பது எங்கள் பகுதியில் மிகப் பரவலாக இருக்கிறது. அந்தக் கட்டளை பெரும்பாலும் அனுபவத்தைக் காக்கிறது: இவர் இந்த நிலத்தில் இருக்கிறார், சட்டப்படி அல்லாமல் இவரை வெளியேற்றாதீர்கள் என்கிறது. நிலம் இவருடையது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டுமானால் விளம்புகைப் பரிகாரம் கேட்டிருக்க வேண்டும். உரிமையிலேயே தகராறு உள்ள நிலத்துக்கு வெறும் உறுத்துக் கட்டளை கேட்டால் போதாது, விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் விளக்கியிருக்கிறது. செக்‌ஷன் 17 நிலத்தில் இருப்பவர்கள் பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) எழுதும்போதே வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘சட்டப்படி அல்லாமல்’ என்ற சொற்களும் முக்கியம். அரசு முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நடவடிக்கை எடுத்தால் அந்தக் கட்டளை குறுக்கே நிற்காது.

எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பற்றி ஒரு வார்த்தை. நாம் ஆஜராகாததால் எதிராளி பக்கத்தை மட்டும் கேட்டுக் கொடுத்தது என்பதால் அதன் வலு குறையாது. ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால் நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். வழக்கை நாமே வாபஸ் வாங்கினாலும் கவனம் வேண்டும். புதிதாகத் தொடுக்க அனுமதியோடு வாபஸ் என்று பதிவானால்தான் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியும்.

கிரிமினல் பக்கம் என் மேசைக்கு அவ்வளவாக வருவதில்லை. விடுவிப்பு என்பது விசாரணைக்கு முன்பே, குற்றச்சாட்டு வனைய ஆதாரமில்லை என்று விடுவது. விடுதலை என்பது விசாரித்துக் குற்றம் நிரூபணமாகவில்லை என்பது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தால் அந்த வழக்கே இல்லை. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒன்றாக எழுதக் கூடாது.

தீர்ப்பின் நடுப்பக்கங்களைப் படிக்கும்போது யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘வாதி தரப்பில் வாதிடப்பட்டது’ என்று தொடங்கும் பத்தி, வக்கீல் சொன்னது. அதை நீதிபதி சொன்னதாக நினைத்துக் கோடிட்டுக் கொண்டுவருவார்கள். ‘இந்த நீதிமன்றம் கருதுகிறது’, ‘இவ்வெழுவினா வாதிக்குச் சாதகமாகத் தீர்மானிக்கப்படுகிறது’ என்ற இடங்கள்தான் முடிவு. எழுவினா என்றால் வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்வி. பேப்பரில் வரும் ‘நீதிபதி சரமாரிக் கேள்வி’ போன்ற செய்திகளும் உத்தரவு ஆகா. விசாரணையின்போது வாய்மொழியாகக் கேட்டது எழுத்தில் வரவில்லை என்றால் யாரையும் கட்டுப்படுத்தாது.

இனி, நகலின் பின்பக்கம். சான்றிட்ட நகலைத் திருப்பினால் ஒரு முத்திரைக்குள் சின்னச் சின்னத் தேதிகள் இருக்கும்: நகல் கேட்டு மனு கொடுத்த தேதி, முத்திரைத்தாள் கோரிய தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கூடலூர் கோர்ட் தீர்ப்பின் மேல் ஊட்டியில் மேல்முறையீடு செய்ய 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு என்றால் 90 நாள். அங்கே முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் ஏற்பார்கள், சாட்சியை மறுபடி எடைபோடச் சொன்னால் பொதுவாக நடக்காது. இந்தக் கணக்கில், நகல் தயாராக நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நகல் மனுவே கொடுக்காமல் வீட்டில் இருந்த நாட்களுக்குக் கழிவு கிடையாது. ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே, ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும், நகலுக்கு மனு போட்டுவிட வேண்டும். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு போகலாம். மன்னிப்பது நீதிபதியின் விருப்புரிமை. நாம் ஜெயித்திருந்து, எதிராளி அப்பீல் போவார் என்று தோன்றினால் கேவியட் போட்டு வைக்கலாம். அது 90 நாள் நிற்கும். நம்மைக் கேட்காமல் அவருக்குத் தடையாணை கொடுப்பதை அது தடுக்கும்.

இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வக்கீலுக்குப் பணம் கொடுக்க வழியில்லை என்பவர்களுக்காக 1987ஆம் ஆண்டு சட்டம் ஒன்று இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பாடிகளிலும் எஸ்டேட் லயன்களிலும் இருக்கும் பெரும்பாலானோர் இதற்குள் வந்துவிடுவார்கள். ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன, போனில் பேச 15100. போகும்போது தீர்ப்பு நகலோடு பிராதின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள், நீதிமன்றம் அதில் எதைக் கொடுத்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல அவர்களுக்கு இரண்டும் வேண்டும்.